பொழுதுபோக்குப் பறப்பை நிறுத்தும் முடிவு

அமெரிக்காவில் தனியார் விமானி உரிமத்துக்குக் காலாவதித் தேதி கிடையாது. ஒருமுறை பெற்றுவிட்டால் ஆயுள் முழுவதும் கையில் இருக்கும். பயணிகள் விமானம் ஓட்டுபவருக்கு 65 வயது என்று சட்டம் எல்லை வகுத்திருக்கிறது. சொந்த மகிழ்ச்சிக்காகச் செஸ்னா, பைப்பர் போன்ற சிறுவிமானம் ஓட்டுபவருக்கு அப்படி எந்த எல்லையும் இல்லை. எனவே எப்போது நிறுத்துவது என்ற கேள்விக்கு விடை காணும் பொறுப்பு முழுவதும் விமானியிடமே வந்து சேர்கிறது. அந்தக் கேள்வியைப் பெரும்பாலோர் கேட்டுக்கொள்வதே இல்லை. ஒரு குளிர்காலம் பறக்காமல் கழியும். அடுத்த கோடையில் வேலை மிகும், பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் வரும், மருத்துவச் சான்று முடிந்துபோகும். இரண்டு ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்த்தால் பறப்பு தானாக நின்றிருக்கும். வேறு சிலரிடம் அது நிற்பதும் இல்லை, நடப்பதும் இல்லை. ஆண்டுக்கு ஐந்தாறு முறை, நல்ல வானிலை வாய்த்தபோது, ஓர் அரைமணி நேரம் என்று இழுபட்டுக்கொண்டிருக்கும். இவ்வுரை முதன்மையாகக் கவலைப்படுவது இந்த இரண்டாம் வகையினரைப் பற்றித்தான். பறப்பதில் ஆபத்து உண்டு. நிறுத்துவதில் இழப்பு உண்டு. அரைகுறையாகப் பறப்பதிலோ ஆபத்தும் மிகுதி, இன்பமும் குறைவு.

சட்டம் கேட்பது மிகச் சிறிது. உரிமம் பெறக் குறைந்தது 40 மணி நேரப் பறப்பு வேண்டும். நடைமுறையில் பலருக்கு 60 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதன்பின் 24 மாதங்களுக்கு ஒருமுறை பயிற்றுநர் ஒருவருடன் ஒரு மணி நேரம் பாடமும் ஒரு மணி நேரம் பறப்பும் கொண்ட மறுஆய்வு போதும். பயணியை ஏற்றிச் செல்ல வேண்டுமானால் கடந்த 90 நாட்களில் மூன்று முறை மேலேறி மூன்று முறை இறங்கியிருக்க வேண்டும். தனியாகப் பறப்பவருக்கு அந்த நிபந்தனையும் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால், இரண்டு ஆண்டுகளில் ஒரே ஒரு மணி நேரம் பறந்தவரும் சட்டப்படித் தகுதியுள்ள விமானிதான். விதிகள் சொல்வதெல்லாம் ஒருவர் பறக்கலாமா என்பதை மட்டுமே. பறக்கத் தக்கவரா என்பதை அவை சொல்வதில்லை. இந்த இடைவெளியை உணராமல், ‘என் ஆவணங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன’ என்று ஆறுதல் கொள்வது பழகிய விமானிகளிடமும் காணப்படும் தவறு.

ஆபத்தின் அளவை மறைக்காமல் பார்ப்பது நல்லது. அமெரிக்கச் சிறுவிமானப் பறப்பில் அண்மை ஆண்டுகளில் ஒரு லட்சம் பறப்பு மணிக்குச் சுமார் ஓர் உயிரிழப்பு விபத்து நேர்கிறது. இது பயிற்சி, தொழில்முறைப் பறப்பு எல்லாம் சேர்ந்த சராசரி. சொந்தப் பயணமாகப் பறப்பவர்களின் விகிதம் அதைவிட மோசம். ஒருவர் ஆண்டுக்கு 50 மணி நேரம் வீதம் இருபது ஆண்டுகள் பறந்தால் 1,000 மணி நேரம் ஆகும். சராசரியை அப்படியே எடுத்துக்கொண்டால், அந்தக் காலத்தில் உயிரிழப்பு விபத்தில் சிக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்று. விமான நிலையத்துக்குக் காரில் போவதுதான் பயணத்தின் ஆபத்தான பகுதி என்று சிறுவிமானிகள் உறவினரிடம் சொல்வதுண்டு. அந்தப் பேச்சு பெரிய ஏர்லைன் விமானங்களுக்குப் பொருந்தும். செஸ்னா 172 விமானத்துக்குப் பொருந்தாது. தூரத்துக்குத் தூரம் ஒப்பிட்டால் சிறுவிமானம் காரைவிடப் பல மடங்கு ஆபத்தானது. மோட்டார் சைக்கிளோடு ஒப்பிடுவதே நேர்மை.

ஆனால் அந்த விபத்துகளில் சுமார் முக்கால் பங்கு விமானியின் செயலால் அல்லது முடிவால் நேர்பவை. இதிலிருந்து இரண்டு வழிகளில் கருத்துக் கொள்ளலாம். ‘நான் கவனமானவன், எனக்கு நேராது’ என்பது ஒன்று. விபத்தில் இறந்தவர்களில் பலரும் அப்படித்தான் நம்பியிருப்பார்கள். ஆபத்தின் பெரும்பகுதி பயிற்சியாலும் தன்னடக்கத்தாலும் குறைக்கத்தக்கது, ஆகவே அவற்றுக்கு நேரம் ஒதுக்க முடியாதவர் அந்தக் குறைவுக்கு உரிமை கொண்டாட முடியாது என்பது மற்றொன்று. முடிவெடுக்க உதவுவது இந்த இரண்டாவது கருத்தே.

பறக்காமல் இருக்கும்போது எது முதலில் மங்குகிறது என்பதை அறிவது பயனுள்ளது. கைகளின் பழக்கம் எளிதில் போய்விடுவதில்லை. பல ஆண்டுகள் விட்டவரும் நேராகவும் மட்டமாகவும் விமானத்தை ஓட்டிவிடுவார். முதலில் மங்குவது பல வேலைகளுக்கிடையே கவனத்தைப் பங்கிடும் திறன். ரேடியோவில் வரும் ஆணையைக் கேட்டு, திரும்பச் சொல்லி, அதேசமயம் உயரத்தையும் வேகத்தையும் காத்து, எதிரே வரும் விமானத்தைத் தேடும் அந்தக் கூட்டுத் திறன் சில மாதங்களிலேயே தளர்ந்துவிடும். தரையிறங்குவதற்காக ஓடுபாதையின் நேர்க்கோட்டுக்குத் திரும்பும் கடைசித் திருப்பத்தை எடுத்துக்கொள்ளலாம். பின்னாலிருந்து காற்று தள்ளுவதால் விமானம் நேர்க்கோட்டைத் தாண்டிவிடுகிறது. விமானி சரிவைக் கூட்டத் தயங்கி, காலால் ரடரை மிதித்து மூக்கைத் திருப்புகிறார். மூக்கு தாழ்கிறது, அதை உயர்த்தக் கட்டுப்பாட்டுச் சக்கரத்தை இழுக்கிறார். வேகம் குறைகிறது. உள்பக்க இறக்கை முதலில் தூக்குவிசையை இழந்து, விமானம் ஒருபக்கமாகக் கவிழ்ந்து சுழலத் தொடங்குகிறது. இது நடப்பது தரையிலிருந்து சில நூறு அடி உயரத்தில். மீட்பதற்கு அந்த உயரம் போதாது. இதைப் பற்றிக் கேட்டால் எந்த விமானியும் சரியாக விடை சொல்வார். அந்த நொடியில் அது நினைவுக்கு வருவதற்கு அண்மைக்காலப் பயிற்சி வேண்டும்.

மேகத்துக்குள் நுழைவது பற்றி 1954இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது. கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பயிற்சி பெறாத இருபது விமானிகளுக்கு மேகத்துள் பறக்கும் நிலை செயற்கையாக உண்டாக்கப்பட்டது. இருபது பேரும் விமானத்தின் கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு ஆன சராசரி நேரம் 178 விநாடி, மூன்று நிமிடம்கூட இல்லை. அடிவானம் கண்ணுக்குத் தெரியாதபோது காதினுள் இருக்கும் சமநிலை உறுப்பு பொய் சொல்லத் தொடங்கும். விமானம் மெல்லச் சாய்ந்து சுழன்று இறங்கினாலும் உடல் அதை நேர்ப்பறப்பாகவே உணரும். 1999 ஜூலை 16 இரவு, குடியரசுத் தலைவர் கென்னடியின் மகனான இளைய ஜான் எஃப். கென்னடி தம் மனைவியையும் மனைவியின் சகோதரியையும் ஏற்றிக்கொண்டு நியூ ஜெர்சியிலிருந்து மார்த்தாஸ் வின்யார்ட் தீவை நோக்கிப் புறப்பட்டார். அவரிடம் சுமார் 300 மணி நேர அனுபவம் இருந்தது. கருவிவழிப் பறப்புத் தகுதி இல்லை. கடல்மேல் புகைமூட்டம், இருண்ட இரவு. மூவரும் இறந்தனர். அவர் மேகத்துக்குள் போகவில்லை. வானமும் கடலும் பிரிந்து தெரியாத இருளே போதுமானதாக இருந்தது. திசையுணர்வுக் குழப்பத்தால் கட்டுப்பாட்டை இழந்ததே காரணம் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. அவர் சட்டத்தை மீறவில்லை என்பது இங்கே கருதத்தக்கது. அந்தப் பறப்பு விதிகளுக்கு உட்பட்டதே.

நிறுத்துவதைப் பற்றிய பேச்சில் வயது முன்னிற்கிறது. அதற்கு உரிய இடத்தைவிடப் பெரிய இடத்தை அது பிடித்துக்கொண்டிருக்கிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 40 முதல் 69 வயது வரையுள்ள 118 விமானிகளை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சிமுலேட்டரில் சோதித்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். தொடக்கத்தில் மூத்தவர்கள் இளையவர்களைவிடக் குறைவாகவே செய்தார்கள். ஆனால் காலம் செல்லச் செல்ல அவர்களிடம் ஏற்பட்ட சரிவு இளையவர்களுடையதைவிடக் குறைவாக இருந்தது. உயர்ந்த தகுதிநிலை பெற்றிருந்தவர்களிடமும் சரிவு குறைவே. வயதின் பாதிப்பு உண்மை. அனுபவமும் தொடர்பயிற்சியும் அதை ஓரளவு ஈடுசெய்கின்றன. இந்தியாவின் முதல் விமானி உரிமத்தை 1929இல் பெற்ற ஜே.ஆர்.டி. டாட்டா, 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டிவந்தார். அங்கிருந்து சென்னைக்கு நெவில் வின்சென்ட் ஓட்டினார். அந்தப் பறப்பின் பொன்விழாவில், 1982இல், 78ஆம் வயதில், பழைய லெபர்ட் மாத் விமானத்தை ஓட்டிக் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அவர் மீண்டும் வந்தார். அதை வைத்து 78 வயதினர் எல்லோரும் பறக்கலாம் என்று சொல்ல முடியாது. 60 ஆனதும் நிறுத்திவிட வேண்டும் என்றும் சொல்ல முடியாது. பிறந்த ஆண்டைவிடக் கடந்த பன்னிரண்டு மாதங்களில் பறந்த மணிக்கணக்கே நல்ல அளவுகோல். வானொலி ஆணைகளைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருப்பது, தெரிந்த நிலையத்திலேயே ஓடுபாதை எண்ணைக் குழப்பிக்கொள்வது, சரிபார்ப்புப் பட்டியலில் வரிகளைத் தாண்டிவிடுவது ஆகியவை ஒருமுறை நேர்ந்தால் களைப்பு. மீண்டும் மீண்டும் நேர்ந்தால் அவை அறிகுறி. இவற்றை விமானியைவிட அருகில் உட்கார்ந்திருப்பவரே முன்னதாகக் காண்கிறார். அவர் வீட்டாராக இருந்தால் சொல்லத் தயங்குவார். ஆண்டுதோறும் ஒரே பயிற்றுநருடன் பறப்பதன் பெரிய நன்மை, அவர் தயங்காமல் சொல்வார் என்பதுதான்.

உடல்நலம் தொடர்பானவற்றில் எதை முதலில் செய்வது என்ற வரிசை முக்கியம். அதை அறியாமல் பலர் வாசலைத் தாமே அடைத்துக்கொள்கிறார்கள். தனியார் விமானிக்கு வேண்டிய மூன்றாம் வகுப்பு மருத்துவச் சான்று 40 வயதுக்குட்பட்டவருக்கு 60 மாதங்களும் அதற்கு மேற்பட்டவருக்கு 24 மாதங்களும் செல்லும். 2017 மே முதல் ‘பேசிக்மெட்’ என்ற மாற்று வழி உண்டு. 2006 ஜூலை நடுவுக்குப் பின் எப்போதாவது செல்லத்தக்க சான்று வைத்திருந்தவர், நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தம் சொந்த மருத்துவரிடமே பரிசோதனை செய்துகொண்டு, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இணையவழிப் பாடம் முடித்தால் போதும். சில இதய, நரம்பு, மனநல நோய்கள் உள்ளவர்கள் மட்டும் ஒருமுறை சிறப்பு அனுமதி பெற வேண்டும். இதற்கும் எளியது ‘ஸ்போர்ட் பைலட்’ வழி. 2004இல் வந்த அந்த ஏற்பாட்டில் கார் உரிமமே மருத்துவச் சான்றின் இடத்தில் நிற்கிறது. 2025இல் வந்த புதிய விதிகள் அதன்கீழ் ஓட்டத்தக்க விமானங்களின் வகையை வெகுவாக விரித்து, நான்கு இருக்கை விமானத்தையும் ஒரே ஒரு பயணியுடன் ஓட்ட இடம் தந்தன.

இவ்விரு வழிகளும் ஒரு நிபந்தனையில் ஒன்றுபடுகின்றன. கடைசியாக விண்ணப்பித்த மருத்துவச் சான்று மறுக்கப்பட்டிருந்தால் இரண்டுமே மூடிக்கொள்ளும். சான்று தானாக முடிய விட்டவருக்கு வழி திறந்திருக்கிறது. விண்ணப்பித்து மறுக்கப்பட்டவருக்கு இல்லை. எனவே உடலில் புதிதாக ஏதேனும் தெரியவந்த விமானி, விண்ணப்பப் படிவத்தை நிரப்பும் முன் விமான மருத்துவர் ஒருவரிடம் ஆலோசனையாக மட்டும் பேசுவது அறிவுடைமை. இது நோயை மறைக்கும் வழி அன்று. தனக்குப் பறக்கத் தகாத உடல்நிலை இருப்பதை அறிந்த விமானி எந்தச் சான்று வைத்திருந்தாலும் பறக்கக் கூடாது என்பது எல்லா வழிகளுக்கும் பொதுவான விதி. படிவத்தில் பொய் எழுதுவது குற்றம் மட்டுமன்று, அதை நம்பி ஏறும் பயணிக்குச் செய்யும் துரோகமும் ஆகும்.

பணக்கணக்கும் பாதுகாப்புக் கணக்கும் இறுதியில் ஒன்றாகிவிடுகின்றன. சொந்த விமானத்துக்கு ஹேங்கர் வாடகை, காப்பீடு, பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கட்டாய ஆய்வு என்று பறந்தாலும் பறக்காவிட்டாலும் செலவு உண்டு. எடுத்துக்காட்டாக, ஆண்டுக்கு 12,000 டாலர் நிலைச்செலவு என்று கொண்டால், 100 மணி நேரம் பறப்பவருக்கு மணிக்கு 120 டாலர். 25 மணி நேரம் பறப்பவருக்கு 480 டாலர். எரிபொருள் அதற்கு மேல். வாடகை விமானம் பல இடங்களில் மணிக்கு 150 முதல் 200 டாலருக்குக் கிடைக்கும்போது, குறைவாகப் பறக்கும் சொந்தக்காரர் பொருளாதாரப்படியும் தவறான இடத்தில் நிற்கிறார். இயந்திரமும் சும்மா இருப்பதைப் பொறுப்பதில்லை. பரவலாகப் பயன்படும் லைகோமிங் இயந்திரங்களில் கேம்ஷாஃப்ட் மேற்பகுதியில் இருப்பதால், நிறுத்தி வைத்த சில வாரங்களில் எண்ணெய்ப் படலம் வடிந்து அது துருப்பிடிக்கத் தொடங்கும். தரையில் நிறுத்தியபடியே ஓட்டிப் பார்ப்பது இன்னும் கேடு. எண்ணெயிலுள்ள ஈரம் ஆவியாகும் அளவுக்குச் சூடு ஏறாது, புதிய ஈரம் மட்டும் சேரும். இயந்திரத்தைப் பிரித்துப் புதுப்பிக்க 30,000 டாலருக்கு மேல் ஆகலாம். அரிதாகப் பறப்பவர் பழக்கம் விட்ட கையோடு, பழுது மறைந்திருக்கும் இயந்திரத்தை நம்பி மேலேறுகிறார்.

ஈயத்தைப் பற்றியும் ஒரு சொல் தேவை. பிஸ்டன் இயந்திரச் சிறுவிமானங்களில் பெரும்பாலானவை இன்றும் ஈயம் கலந்த பெட்ரோலையே எரிக்கின்றன. அந்த வெளியேற்றம் மக்கள் நலனுக்குக் கேடு என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023இல் முறைப்படி தீர்மானித்தது. கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரா மாவட்டம் அதற்கு முன்பே, 2022 தொடக்கத்தில், தன் நிலையங்களில் அதன் விற்பனையை நிறுத்திவிட்டது. விமான நிலையத்தை ஒட்டி வாழும் குழந்தைகளின் உடலில் சேரும் ஈயத்தை எண்ணி மனம் உறுத்துபவருக்கு அந்த உறுத்தல் ஒன்றே நிறுத்தப் போதுமான காரணம். ஈயமில்லா எரிபொருள் கிடைக்கும் நிலையத்துக்கு மாறுவதும் நேரிய விடைதான்.

குடும்பத்தைப் பொறுத்தவரை, முடிவு விமானியுடையது மட்டும் அன்று. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் நூற்றில் ஒன்று என்ற கணக்கை மனைவியிடமோ கணவரிடமோ வெளிப்படையாக வைக்க வேண்டும். தம் ஆயுள் காப்பீட்டில் சிறுவிமானப் பறப்பு விலக்கப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார்க்காத விமானிகள் உண்டு. அதைப் படிப்பது அந்தப் பேச்சுக்கு முந்தைய கடமை.

இவ்வளவும் தெரிந்தபின்னும் முடிவு கடினமாக இருப்பதற்குக் காரணம், பறப்பு பலருக்கு வெறும் பொழுதுபோக்காக இல்லாமல், தாம் யார் என்பதன் ஒரு பகுதியாக இருப்பதே. பயிற்சிக்குச் செலவிட்ட ஆண்டுகளும் பணமும் வீணாகிவிடுமே என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. போன செலவை மீட்பதற்காகத் தொடர்ந்து செலவிடும் இந்தப் போக்கை உளவியலாளர்கள் ஆர்க்ஸும் புளூமரும் 1985இல் சோதனைகளால் விளக்கினார்கள். கேட்க வேண்டியது எவ்வளவு போட்டோம் என்பதன்று. அடுத்த ஓர் ஆண்டில் எத்தனை மணி நேரம் பறக்க இயலும், எதற்காக என்பதுதான். வார இறுதியில் ஐம்பது மைல் தள்ளியுள்ள நிலையத்துக்குப் பறந்து, சாப்பிட்டுத் திரும்புவதை அங்கே ‘நூறு டாலர் பர்கர்’ என்பார்கள். அந்த மகிழ்ச்சியைச் சிறுமைப்படுத்த ஒன்றுமில்லை. மாதம் இரண்டு முறை அது வாய்க்குமானால் பறப்பதற்கு அது நல்ல காரணம். ஆண்டுக்கு இரண்டு முறைதான் வாய்க்கும் என்றால், அந்தப் பணத்துக்கு ஒரு பயிற்றுநரை அருகில் உட்கார வைத்துப் பறப்பதே முறை.

கேள்வியை ‘பறப்பதா, விடுவதா’ என்று மட்டும் வைத்துக்கொள்வதால்தான் பலர் விடை சொல்லாமல் நழுவுகிறார்கள். இடையில் தகுதியான நிலைகள் பல உள்ளன. இரவுப் பறப்பை முதலில் விடலாம். பயணிகளை ஏற்றுவதை விடலாம். குறுக்குக் காற்று இவ்வளவுக்கு மேல் என்றால் புறப்படுவதில்லை, மேகத்தின் அடி இவ்வளவு உயரத்துக்குக் கீழே என்றால் புறப்படுவதில்லை என்று தனக்கான எல்லைகளை எழுதி வைத்து, ஆண்டுதோறும் அவற்றை இறுக்கலாம். விமானத்தை விற்று, நான்கைந்து பேர் கூட்டாக வைத்திருக்கும் விமானத்தில் சேரலாம். விமானமும் அடிக்கடி பறக்கும், செலவும் இறங்கும். கிளைடருக்கு அமெரிக்காவில் மருத்துவச் சான்றே தேவையில்லை. இயந்திரம் இல்லாமல் எழுகாற்றைத் தேடி மேலேறும் அந்தக் கலை, பல முன்னாள் விமானிகளுக்குப் புதிய தொடக்கமாக இருந்திருக்கிறது. இந்த அரை நிலைகளில் ஒன்றைத் தேர்பவர், எழுதிய எல்லை மீறப்பட்டால் அடுத்த நிலைக்கு இறங்குவேன் என்பதையும் தரையில் இருக்கும்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும். காக்பிட்டில் உட்கார்ந்து, குடும்பம் பின்னிருக்கையில் காத்திருக்க எடுக்கும் முடிவு எப்போதும் புறப்படும் பக்கமே சாயும்.

முழுவதும் நிறுத்துபவர் விமானத்தை உடனே விற்பது நல்லது. ஹேங்கரில் ஒவ்வொரு மாதமும் அதன் மதிப்புக் குறைகிறது. அது அங்கே இருக்கும் வரை முடிவும் முடிவாக நிற்காது. பறப்பு அறிவுக்கு வேறு பயன் உண்டு. அமெரிக்க விமானப்படையின் துணை அமைப்பான சிவில் ஏர் பேட்ரோலில் தரைப்பணிக்கு ஆட்கள் தேவை. பரிசோதனை விமானச் சங்கம் 1992இல் தொடங்கிய ‘யங் ஈகிள்ஸ்’ திட்டத்தில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட சிறுவர் சிறுமியர் முதன்முறையாகச் சிறுவிமானத்தில் பறந்திருக்கிறார்கள். அவர்களுக்கு இறக்கை எப்படித் தூக்குகிறது என்று தரையில் விளக்கவும் ஆள் வேண்டும்.

உரிமம் காலாவதியாகாததால் திரும்பி வரும் வழியும் மூடுவதில்லை. பத்து ஆண்டுகள் விட்டவரும் பயிற்றுநருடன் மறுஆய்வை முடித்து, மருத்துவத் தகுதியையும் உறுதி செய்துகொண்டால் மீண்டும் விமானியே. விட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் சுமார் ஒரு மணி நேரப் பயிற்சி வேண்டும் என்பது பயிற்றுநர்களிடையே வழங்கும் தோராயக் கணக்கு. வான்வெளி விதிகளும் கருவிகளும் மாறியிருந்தால் கூடுதலாக ஆகும். இவ்வாறு நீண்ட காலம் விட்டவர்களுக்கென்றே விமான உரிமையாளர்–விமானிகள் சங்கம் ‘ரஸ்டி பைலட்ஸ்’ என்ற வகுப்புகளை நடத்திவருகிறது.